பன்னிரண்டு மூட்டை

புதன்கிழமை மதியம் இரண்டரைக்குத் துணி பிரிக்கிற ஐந்து பேரும் படியிறங்கி வந்தபோது மேசை காலியாக இருந்தது. துடைத்துக்கூட வைத்திருந்தேன்.

சமூகக்கூடத்தின் கீழ்த்தளத்தில், இல்லாதவர்களுக்குக் கொடுப்பதற்காகப் பன்னிரண்டு மூட்டை பழைய துணி கிடந்தது. திங்களும் செவ்வாயும் தனியாக உட்கார்ந்து மொத்தத்தையும் பிரித்துவிட்டேன். ஸ்வெட்டர் தனி, அளவு வாரியாக பேன்ட் தனி, காலுறைகள் ஜோடி ஜோடியாக உருட்டித் தனி. ஒவ்வொரு பெட்டியிலும் சீட்டு ஒட்டினேன். இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டு, மூன்று வருடம் கிடங்கில் இரவு ஷிப்டில் சாமான் பிரித்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை.

இங்கே மொழி படிக்க வந்திருக்கிறேன். வகுப்பில் தேறினால்தான் விசா நீளும். தேறுவதற்கு, ஊர்க்காரர்களோடு சேர்ந்து பன்னிரண்டு மணி நேரம் தொண்டு செய்ததாக ஒரு தாளில் கையெழுத்து வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

காலையில் அக்கா போனில் சிரித்தாள்.

“துணி மடிக்கவாடா உன்ன ஏரோப்ளேன் ஏத்தி அனுப்பினோம்? வீட்ல என்னிக்காவது உன் சட்டைய நீ மடிச்சிருக்கியா?”

“கையெழுத்து வேணும்க்கா.”

“வாங்கிடு. இந்தத் தடவையும் பாதியில வந்து நின்னேன்னா அப்பா ஒண்ணுமே சொல்ல மாட்டாரு. அதான் எனக்குப் பயம்.”

கூடத்துக்குப் பொறுப்பானவர் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் பெயர் என் வாயில் நுழையாது. எனக்குள் அவர் பஸ்காரம்மா. அவர் பேசுவதில் பாதிதான் பிடிபடும். பிடிபட்டதைத் தமிழில் போட்டால் இப்படி வரும்.

“எல்லாத்தையும் நீயே முடிச்சிட்டியா?”

“ஆமாம்.” பெருமையாகத்தான் சொன்னேன்.

“யாரு முடிக்கச் சொன்னா?”

வந்தவர்கள் கோட்டைக் கழற்றாமல் நின்றார்கள். எல்லோருக்கும் எழுபதுக்கு மேல் இருக்கும். கம்பளித் தொப்பி போட்ட கிழவர் மேல் பொத்தானைக் கழற்றினார், மேசையைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

“வேலை இல்லையா?”

“இல்ல. பையன் முடிச்சிட்டான்,” என்றார் பஸ்காரம்மா.

“அடுத்த மூட்டை?”

“மாசக் கடைசியிலதான்.”

தொப்பிக்காரர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டே முக்காலுக்கு வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்று யோசிக்கிற முகம் அது. எனக்கு அந்த முகம் தெரியும். கல்லூரியை விட்ட முதல் மாதம் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

தாளை நீட்டினேன். பஸ்காரம்மா மூடியைக் கழற்றிய பேனாவால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்.

“ஊர்க்காரங்களோடன்னு போட்டிருக்கு. நீ யாரோட இருந்த?”

சீட்டு ஒட்டிய பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தேன்.

“மூட்டைங்களோட இருந்திருக்க. தம்பி, இது ஒரு மாச வேலை. இவங்க வாரத்துல ரெண்டு நாள் வீட்ட விட்டு வெளிய வர்றதே இதுக்குத்தான். சீக்கிரம் முடியணும்னா நானே முடிச்சிருக்க மாட்டேனா?” தம்பி என்று அவர் சொல்லவில்லை. தமிழில் போட்டால் அப்படித்தான் வருகிறது. பேனாவை மூடிவிட்டார்.

உழைப்பாளி என்று என்னை நானே தட்டிக்கொடுத்திருந்தேன். பொய். அவர்கள் வருவது புதனும் வெள்ளியும் என்று எனக்கு முதலிலேயே தெரியும். பேச ஆள் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் திங்களும் செவ்வாயும் போனேன். வகுப்பில் நான்கு வார்த்தை பேசினாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கும்.

திங்களும் செவ்வாயும் கணக்கில் வராது. இனி இன்று மூன்று மணி நேரம், வெள்ளி மூன்று. ஆறுதான். எப்படிக் கூட்டினாலும் பன்னிரண்டு வராது. ஐந்து பேரும் படிப்பக்கம் திரும்பினார்கள்.

காலுறைப் பெட்டியை இழுத்து வந்து மேசைமேல் கவிழ்த்தேன். உருட்டி வைத்த ஜோடிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து உதறி இரண்டு கையாலும் கலக்கினேன். நூறு ஜோடியாவது இருக்கும். முந்தின நாள் நான் உருட்டிய அத்தனையும் ஐந்து நிமிடத்தில் போனது. ஒருவரும் உதவிக்கு வரவில்லை, தடுக்கவும் இல்லை.

“இவனுக்குக் கிறுக்கா?” என்றார் தொப்பிக்காரர். வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே பையன்கள் கற்றுக்கொடுத்த வார்த்தை. புரிந்தது.

“கொஞ்சம்,” என்றேன்.

அவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். பஸ்காரம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தாளில் என்னவோ எழுதினார். மணியா, வேறு ஏதாவதா, நான் எட்டிப் பார்க்கவில்லை.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த வயதான அம்மா பழுப்புக் காலுறை ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, அதன் ஜோடியைத் தேட ஆரம்பித்தார். தேடிக்கொண்டே எனக்கு வீட்டில் யார் யார் என்று கேட்டார். அக்கா என்று தொடங்கினேன். அந்தப் பழுப்புக் காலுறையின் ஜோடி என் முழங்கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.