தடா போய்ப் பொங்கிய மாவு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் ஆரம்பாக்கத்தில் எதுவுமே கெட்டுப்போகவில்லை. பால் திரியவில்லை, தயிர் உறையவில்லை, சித்திரையில் கல்யாணத்துக்குக் கட்டிய வாழைமரம் அதே பெண்ணின் வளைகாப்புக்கும் பச்சையாகவே நின்றது. ஊருக்குக் கிழக்கே இருந்த இறால் கம்பெனிதான் காரணம். பழவேற்காட்டு ஏரி இறாலைக் கழுவி, உறையவைத்துக் கப்பலேற்றுகிற அந்தக் கம்பெனியில், தண்ணீர், காற்று, மேஜை எதிலும் ஒரு கிருமி இருக்கக் கூடாது என்று ஓசோன் மிஷின் வாங்கி வைத்தார்கள். கண்ணாடிக் குழாய்க்குள் மின்னலைப் பூட்டிவைத்து, அதில் உண்டாகும் காற்றைத் தண்ணீருக்குள் விடுவார்கள். மீந்த காற்று உயரமான குழாய் வழியாக ஆகாயத்துக்குப் போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. ஃபிட்டர் சாலமோனுக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. "கிருமியக் கொல்ற காத்த ஆகாசத்துக்கு உட்டா யாருக்கு லாபம்? நம்ம ஜனமாச்சும் மோந்துக்கினு போவட்டும்" என்று குழாயை ஊர்ப் பக்கம் வளைத்துவிட்டார்.

அன்று முதல் தெருவெல்லாம் இடி விழுந்த இடத்து வாசனை. தொண்டை லேசாகக் கரகரத்தது. சைக்கிள் டயர்கள் வாரத்துக்கொரு முறை வெடித்துப் பிளந்தன. வியாதி இல்லாததால் கம்பவுண்டர் கும்மிடிப்பூண்டிக்கே குடிபோய்விட்டார். ஆனால் ஊரில் நிம்மதியில்லை. உறைமோர் தோற்றதும் பெண்களுக்கு ஒருவர்மேல் ஒருவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. விளக்கு வைத்த பிறகு மோர் கொடுத்தவள் யார் என்று தெருத்தெருவாக விசாரணை நடந்து, அக்கா தங்கைகூடப் பேச்சை நிறுத்தினார்கள்.

அதிகம் அடிபட்டவள் கம்பெனி வாசலில் இட்லிக் கடை போட்டு இரண்டு பெண்களை வளர்த்துவந்த கங்கம்மாள். அரைத்த மாவு இரண்டு நாளானாலும் சுண்ணாம்புக் கரைசல் மாதிரி அசையாமல் கிடந்தது. "யக்கா, உன் இட்லிய உட்டெறிஞ்சா ரயிலே நின்னுடும்" என்றான் ஷிப்டு முடிந்து வந்த ஜெயராஜ். கங்கம்மாள் யோசித்தாள். மறுநாள் முதல், பாதி குண்டான் மாவோடு சாயங்கால பாசஞ்சரில் ஏறி ஆந்திரா எல்லைக்கு அந்தப் பக்கம் தடாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போவாள். காலை முதல் வண்டியில் குண்டான் நிறையப் பொங்கிய மாவோடு திரும்புவாள். இட்லி பழையபடி பூவாக வந்தது.

ஆந்திரா அரிசி எல்லை தாண்டக் கூடாது என்றிருந்த காலம் அது. ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் அரிசிக் கடத்தல் பிடிக்கும் இன்ஸ்பெக்டர் துளசிராமன், திருநின்றவூர்க்காரர். கோயிலில் திருநீறு கொடுத்தால் எந்த அடுப்புச் சாம்பல் என்று கேட்கிற மனுஷர்.

"போறப்போ பாதி, வர்றப்போ முழுசு. மீதி எங்கேர்ந்து வந்துச்சி?"

"புளிச்சா பொங்கும் சார். உங்க ஊட்ல பொங்காதா?"

"பொங்கும். அதுக்கு ரயில் டிக்கெட் எடுக்கறதில்ல."

"இந்த ஊர்ல பொங்க மாட்டேங்குதே. நான் இன்னா பண்ணட்டும்?"

அரிசியை அரைத்துக் கடத்துகிறாள், புது மோசடி, கேஸ் என்றார் அவர். கேஸ் நின்றால் கடை போகும், ஜெயிலும் உண்டு. இரண்டு பெண்களையும் யாரிடம் விடுவது?

"நீயே மாவு குடு, நீயே அரக்கு வெய்யி, நீயே தூக்கினு வா சார்" என்றாள் கங்கம்மாள். "ஏறலன்னா நானே ஜெயிலுக்கு வர்றேன்."

துளசிராமன் தன் வீட்டு அரிசியும் உளுந்தும் கொண்டுவந்து, ஆரம்பாக்கத்திலேயே கண்ணெதிரே அரைக்க வைத்தார். பாதி குண்டான் ஊற்றி, மூடியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, முடிச்சில் சர்க்கார் அரக்கு முத்திரை போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பாசஞ்சரில் உட்கார்ந்தார். வேடிக்கை பார்க்க ஊரில் பாதி ஏறியது. கடைசி சிக்னல் வரை குண்டான் வாய் திறக்கவில்லை. கங்கம்மாள் குனிந்து மூடியில் காதை வைத்துப் பார்த்தாள். முதல் தெலுங்குப் பலகை ஜன்னலில் தெரிந்ததும் குண்டான் ஒரு மூச்சு விட்டது. ஆரம்பாக்கத்தில் மாதக்கணக்கில் அடங்கிக் கிடந்த புளிப்பெல்லாம் அந்த ஒரு பாத்திரத்தில் சேர்ந்து கிளம்பியது. அரக்கு தெறித்தது, மூடி மேல்பலகையில் மோதியது, மாவு காக்கிச் சட்டையை மூடி, இருக்கையை மூடி, தரையில் இறங்கியது. கிழவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள், ஒரு முறுக்குக் கூடை மிதந்தது, ஜன்னல் கம்பிகள் வழியே மாவு பிழிந்துகொண்டு வெளியே போனது. பெட்டி முழுக்க என்பார்கள் சிலர். குறைத்துச் சொன்னாலும் முக்கால் பெட்டி. தடா ஜனம் குடங்களோடு ஓடிவந்தது. அந்த ஊரில் அன்று தோசை வார்க்காத வீடில்லை.

பிளாட்பாரத்தில் நெஞ்சு வரை வெள்ளையாக நின்றார் துளசிராமன். கங்கம்மாள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

"சொல்லு சார். மீதி எங்கேர்ந்து வந்துச்சி?"

அவர் யார்மேலாவது சந்தேகப்பட முடியுமா என்று கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். ஒருவரும் கிடைக்கவில்லை.

"எங்கேர்ந்தும் வரலம்மா" என்றார். "தானா ஏறிச்சி. நான் பார்த்தேன்."