நடுக் கம்பியின் நீலம்

ஜூரோங்கில் அந்த மனைக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை. பாறையில் பொந்து இருந்தால் மேலே எழும்பும் கட்டடம் ஒருநாள் உட்கார்ந்துவிடும். அதைத் தோண்டாமலே கண்டுபிடிக்கத்தான் மோகனப்பிரியா வெயிலில் வெந்துகொண்டிருந்தாள். வரிசையாக இரும்புக் கம்பிகளை அடித்து மண்ணுக்குள் மின்சாரம் விடுவாள். கெட்டிப் பாறை அதை லேசில் விடாது. திரையில் சிவப்பாகத் தெரியும். ஈரக் களிமண் அடைந்த பொந்து தாராளமாக விட்டுவிடும், நீலமாகத் தெரியும்.

நேற்று வரிசையின் நடுவில் நீலம் தெரிந்தது.

“அது உப்புதான் லா,” என்றார் மேலாளர் விஸ்வலிங்கம்.

கம்பி மண்ணோடு நன்றாகச் சேர உப்புத் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். அவளுடைய உதவியாள் பிரபாகர் நடுக் கம்பிகளில் வாளியையே கவிழ்த்துவிட்டான். போன வாரம் கம்பி காய்ந்து கிடக்கிறதென்று அவனிடம் எரிந்து விழுந்தது இவள்தான். அந்தப் பயத்தில் ஊற்றியிருக்கிறான், பாவம்.

“கொஞ்சம் தள்ளி வேற லைன் எடுங்க. உப்பே வேணாம். நீலம் போயிடுச்சுன்னா வேலைய ஆரம்பிச்சிடலாம். உப்பக் கொட்டிக் கெடுத்த அவன ஊருக்கே அனுப்பிடறேன்.”

நீலம் போகாவிட்டால் துளை போட வேண்டும், அறிக்கை எழுத வேண்டும், இன்னும் மாதக்கணக்கில் இதே புழுதி. தேக்காவில் அவள் வாடகைக்கு இருக்கும் அறையில் துவைக்காத துணி மலையாகக் கிடந்தது. நின்றபடியே தூங்கிவிடலாம் போல இருந்தது அவளுக்கு. போய்த் தொலையேன் என்று அந்த நீலத்தை மனதுக்குள் திட்டினாள். முருகனிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தாள்.

பிரபாகர் உப்பில்லாத வெறும் தண்ணீரைக் கம்பி கம்பியாக அளந்து ஊற்றினான்.

மாலையில் படம் மெல்ல விரிந்தது. சிவப்பு, சிவப்பு, நடுவில் அதே நீலம்.

“ஐயோ,” என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

பிரபாகர் வாளியைக் கீழே வைத்தான். “போயிடுச்சா மேடம்? பரவால்ல மேடம். நான் பேக்கெல்லாம் கட்டிட்டேன்.”

“போகல. உப்பு இல்ல, பொந்துதான். நீங்க எங்கயும் போக வேணாம்.”

அவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். தோள்கள் குலுங்கின. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. நீலம் போகட்டும் என்று காலையிலிருந்து அவள் வேண்டிக்கொண்டது இவனை ஊருக்கு அனுப்பச் சொன்னது மாதிரிதான்.

“எனக்காக சந்தோஷத்துல ஐயோன்னுட்டீங்களே மேடம்,” என்றான் அவன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “ரொம்ப தேங்க்ஸ்.”