இருநூற்றுத் தொண்ணூற்றொரு மீட்டர்

1

இந்தக் கதை என் வாய்க்கொழுப்பில் பிறந்தது. ஒப்புக்கொள்கிறேன். சேலத்துக்கு மேலே மலையில், நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் ரைட்டர். காலையில் ஆட்களின் பேர் எழுதுவது வேலை, கதை எழுதுவது வியாதி. முதலில் இப்படித்தான் தொடங்கினேன்:

‘கரீபியன் கடலில் மூன்று தீவுகள் சேர்ந்த கிரெனடா 1974இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. இன்றும் பிரிட்டிஷ் அரசரே நாட்டுத் தலைவர். அவர் சார்பில் ஒரு கவர்னர் ஜெனரல்...’

சே! இது கதையா, பரீட்சை நோட்ஸா?

2

எஸ்டேட்டில் களை வெட்டும் காவேரியின் மகள் மலர், அந்த நாட்டின் கரியாக்கூ தீவில் நர்ஸ். (1983இல் அமெரிக்கப் படை கிரெனடாவில் இறங்கியதையும் படித்து வைத்திருக்கிறேன். யாருக்கு வேண்டும்?) திங்கள் சாயங்காலம் காவேரி போனும் கையுமாக ஆபீசுக்கு ஓடிவந்தாள்.

“ஏனுங்க ரைட்டரய்யா, அங்க புயல் வருதாமுங்க. ஸ்கூல்ல போய்த் தங்கச் சொல்றாங்களாம். அந்த ஊர்ல மலை இருக்குதுங்களா?”

“இருக்குது” என்றேன், பெரிய மேதாவி.

அவ்வளவுதான். மழை பெய்தால் தண்ணீர் கீழே சேலத்துக்கு இறங்கிவிடும், மேலே இருப்பவனுக்குப் பயமில்லை. எங்கள் மலையில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். காவேரி போனில் கத்தினாள்:

“கண்ணு, ஸ்கூலெல்லாம் வேண்டாஞ்சாமி! மலை உச்சிக்குப் போயிரு!”

லைன் போய்விட்டது.

3

பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். முதலிலேயே படித்துத் தொலைத்திருக்கக் கூடாதா? அந்தத் தீவின் மிக உயர்ந்த குன்றே 291 மீட்டர். சேலம் பஸ் ஸ்டாண்டு கிட்டத்தட்ட அந்த உயரத்தில் இருக்கிறது! அதுவும் சூறாவளியில் காற்று உச்சியில்தான் மோசமாக அடிக்குமாம்.

4

முடிவு அ: மலர் அம்மா பேச்சைக் கேட்காமல் பள்ளிக்கூடத்திலேயே ஒதுங்கிக்கொண்டாள்.

(நல்ல முடிவுதான். ஆனால் இந்த மலரை என்னால் நம்ப முடியவில்லை. நர்ஸ் படிப்பையே அம்மா சொன்னதற்காகப் படித்தவள்.)

முடிவு ஆ: மலர் உச்சிக்கு ஏறியபோது

எழுதமாட்டேன், போங்கள்.

5

இன்று புதன். இன்னும் லைன் கிடைக்கவில்லை. காவேரி கிண்ணம் நிறையப் பலாச்சுளை கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். முகம் தெளிந்திருந்தது.

“எம்புள்ள நாஞ்சொன்னாத் தட்டமாட்டாளுங்க. மலை மேலதான் இருப்பா. நீங்க மட்டும் சொல்லலீன்னா என்னாயிருக்கும்? உங்களைக் கையெடுத்துக் கும்புடோணுமுங்க. சாப்புடுங்க.”

ஒரு சுளையை வாயில் போட்டேன். மென்றுகொண்டே இருக்கிறேன். அவள் எதிரிலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாசகரே, முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எதை வைத்தாலும், இங்கே வந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள்.