வெர்லினின் காதுக்கு ஒதுக்கிய பணம்

டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி காலை, அமெரிக்காவின் டுலூத் நகரில், காது பரிசோதிக்கும் இடத்தில் ஆர்லிஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். வருடக் கடைசி வாரத்தில் கண்ணாடிக் கடை, பல் டாக்டர் என்று எங்கே போனாலும் கூட்டம்தான். மருத்துவச் செலவுக்கென்று வரி பிடிப்பதற்கு முன்பே சம்பளத்தில் ஒதுக்கி வைத்த பணத்தை முப்பத்தொன்றாம் தேதிக்குள் செலவழித்தாக வேண்டும். இல்லாவிட்டால் மிச்சம் வேலை கொடுத்தவருக்கே போய்விடும். எவ்வளவு ஒதுக்குவது என்று முந்தைய வருடமே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வரப்போகும் வருடத்தில் யாருக்கு என்ன வரும் என்று யாருக்குத்தான் தெரியும்?

பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஆர்லிஸ், தனக்குத் தெரியும் என்று நினைத்து எழுதியவள். கணவன் வெர்லினுக்குக் காது மந்தம் என்று அவளே முடிவு கட்டியிருந்தாள். அடுத்த அறையிலிருந்து நாலு தடவை கூப்பிட்டாலும் பதில் வராது. காதுக் கருவிக்காக, விதி அனுமதித்த முழுத் தொகையையும் படிவத்தில் நிரப்பினாள். "எனக்கா? நல்லா இருக்குடி கதை," என்று சிரித்த வெர்லின், பரிசோதனைக்குப் போகாமல் இன்று நாளை என்று பத்து மாதத்தை ஓட்டினான். அக்டோபர் கடைசியில் ஒருநாள் மதியம், நிலவறை ஃப்ரீசரிலிருந்து மான் கறி எடுத்துவரப் போனவன் படியில் விழுந்து செத்துப் போனான்.

பணம் அப்படியே கிடந்தது. விட்டுவிட அவளுக்கு மனசு வரவில்லை. யார் காதுக்கானால் என்ன, செலவாகட்டும் என்றுதான் வந்திருந்தாள்.

பரிசோதித்தவள் ஹோதான் என்ற, முக்காடு போட்ட சோமாலியப் பெண். கண்ணாடி அறைக்குள் ஆர்லிஸை உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னாள். பிறகு தாளில் சரிந்து இறங்கிய கோட்டைக் காட்டினாள்.

"எத்தனை வருஷமா இப்படி?"

"எப்படி?"

"ரெண்டு காதுலயும் பாதிக்கு மேல போயிருக்கு. முகத்தைப் பாத்துப் பேசினா சமாளிச்சிடுவீங்க. பக்கத்து ரூம்ல இருந்து யாராவது பேசினா உங்களுக்கு வந்து சேராது. வீட்ல யாரும் சொல்லலையா?"

"வீட்டுக்காரருக்குத்தான் காது கேக்காதுன்னு..." ஆர்லிஸ் பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

வெர்லின் பதில் சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறான். ஆம்புலன்ஸ்காரர்களிடமும், பாதிரியாரிடமும், கேக்கும், அடுப்பில் சுட்ட கேசரோல் பாத்திரங்களுமாகத் துக்கம் கேட்க வந்த சர்ச் பெண்களிடமும் அவள் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லியிருந்தாள்: "ஒரு சத்தம்கூட போடல, நான் மேல சமையல்கட்டுலதான் நின்னேன்." உயிர் நொடியில் போயிருக்கும் என்று எல்லோரும் தேற்றினார்கள். அவள் கீழே போய்ப் பார்த்தபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

கருவிகளை வாங்கினாள். பொருத்த வந்த ஹோதானிடம், வீட்டில் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி, பெட்டியோடு கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

வீட்டு வாசலில் கொழுந்தன் டுவேன் பனியை அள்ளிக்கொண்டிருந்தான். அண்ணன் போனதிலிருந்து பனி விழுந்தால் கேட்காமலே வந்துவிடுவான். இந்தப் பக்கத்து ஆண்களுக்கு அன்பைக் காட்ட வேறு வழி தெரியாது.

"டுவேன், உள்ள வா. நிலவறைக்குப் போய் அந்தப் படிக்குக் கீழ நின்னு என்னைக் கூப்பிடு."

"எதுக்கு?"

"கூப்பிடு. உங்கண்ணன் கூப்பிட்டா எப்படிக் கூப்பிடுவானோ அப்படி."

அவன் அவளையே பார்த்தான். "ஆர்லிஸ், இதெல்லாம் வேண்டாம்."

"போடான்னா போ."

அவன் இறங்கினான். நிலவறைக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அன்றைக்கும் அப்படித்தான் சாத்தியிருந்தது. அவள் சமையல்கட்டு மேடைக்குப் பக்கத்தில், அன்று உருளைக்கிழங்கு உரித்த இடத்தில் போய் நின்றாள். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே பனி தூவிக்கொண்டிருந்தது. ஒன்றுமே கேட்கவில்லை. கடவுளே, அவன் இன்னும் ஆரம்பிக்காமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். நிமிடங்கள் போயின.

கதவைத் திறந்துகொண்டு டுவேன் மேலே வந்தான்.

"கூப்பிட்டியா?"

அவன் பூட்ஸைப் பார்த்தபடி தலையை ஆட்டினான். "இல்ல. அங்க நின்னதும் எனக்கு வாயே வரல. நான் கூப்பிடவே இல்ல, ஆர்லிஸ்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதன். அவள் பெட்டியைத் திறந்து, கருவிகளை இரண்டு காதிலும் பொருத்திக்கொண்டாள். வீடு மொத்தமும் ஒரேயடியாக உள்ளே வந்தது. ஃப்ரிட்ஜின் முனகல், சூடாக்கும் எந்திரத்தின் உறுமல், அவள் கோட்டின் சரசரப்பு.

"திரும்பச் சொல்லு," என்றாள்.

"நான் கூப்பிடல," என்றான் டுவேன். கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டை. அவன் இரைக்க இரைக்க மூச்சுவிடுவது அவளுக்கு அவ்வளவு தெளிவாகக் கேட்டது.