கஸ்தூரிரங்கனின் புறா உரம்

கஸ்தூரிரங்கன் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்த காலமெல்லாம் மற்றவர்களின் நஷ்டத்தைக் கணக்குப் பார்த்தவர். ஓய்வு பெற்றதும் உத்திரமேரூர் பக்கம் மூன்று ஏக்கர் நஞ்சை வாங்கிச் சொந்தமாகவே நஷ்டப்பட ஆரம்பித்தார். வாசம் மயிலாப்பூரில், சித்திரக்குளத்துக்குப் பின்னால் ஒரு பழைய அடுக்குமாடியில். நிலத்தைப் பார்த்துக்கொள்பவன் செம்பியன். செலவிலும் பாதி, விளைச்சலிலும் பாதி என்று பேச்சு. இதுவரை இரண்டு பாதிகளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

அந்த ஐப்பசியில் செம்பியன் போன் செய்தான்.

"சார், டிஏபி உரம் கெடைக்கறதே அபூர்வம், கெடச்சாலும் வெல கட்டாது. காம்ப்ளெக்ஸ் மூட்டை மறுபடி வெல ஏறிப்போச்சு. பொட்டாஷ் கிட்டயே போவ முடியல."

"யூரியா கவர்மென்ட் ரேட்தானேப்பா?"

"ரேட்டு அதான் சார். ஆனா கூட ஒரு பாட்டில் டானிக் வாங்கினாத்தான் மூட்டைய கண்ணுல காட்றாரு கடைக்காரரு."

"யாருக்கு டானிக்?"

"பயிருக்குத்தான் சார்."

நெல்லின் விலை என்னவென்று கேட்டார். அது மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்றான் செம்பியன். கஸ்தூரிரங்கன் மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தார். இந்தப் போகத்து லாபத்தில் அவரும் சம்சாரமும் ஒருவேளை ஹோட்டலில் சாப்பிடலாம். ஸ்வீட் வாங்க முடியாது.

அப்போது அவர் மனைவி சூடாமணி பின்பால்கனியில் விளக்குமாறும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். "ஏன்னா, இந்தப் புறா எச்சத்தை அள்ளி அள்ளி என் இடுப்பே போயிடுத்து. வலை போடுங்கோன்னு எத்தனை தரம் சொல்றது?"

கஸ்தூரிரங்கன் எச்சத்தைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த போனைப் பார்த்தார். உடனே செம்பியனைத் திரும்பக் கூப்பிட்டார்.

"கோழி எரு மாதிரிதான் சார். பச்சையா போட்டா பயிரு கருகிடும். மக்க வச்சுப் போட்டா நல்லா தூக்கிக் குடுக்கும்," என்றான் அவன். "பாதி உரச் செலவாவது கொறையும். ஆனா நெறைய வேணும். இருக்குதா?"

"நாங்க இருக்கறதே அது மேலதான்," என்றார் கஸ்தூரிரங்கன்.

மறுநாள் கொரோனா காலத்து முகக்கவசம் ஒன்றைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். சேவை மனப்பான்மையோடு பால்கனிகளைச் சுத்தம் செய்து தருவதாகச் சொன்னார். எல்லோரும் நெகிழ்ந்து போனார்கள். இரண்டாம் மாடி ஸஹானா காபியே கொடுத்தாள். மொட்டைமாடியில் வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தபோது கஸ்தூரிரங்கனுக்குக் கண் கலங்கிவிட்டது. காரநெடியும் ஒரு காரணம். உடைந்த ஜன்னல் வழியாகப் புறாக்கள் புகுந்து, எச்சம் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் வேதாந்தம், ஓய்வு பெற்ற ஆடிட்டர், மட்டும் நெகிழவில்லை. பென்ஷன் வாங்குகிறவன் சும்மா பெருக்க மாட்டான் என்பது அவர் எண்ணம். மூட்டைகளை ஏற்ற வந்த லோடு ஆட்டோக்காரர் பிரபுவை வாசல் கேட் அருகே நிறுத்தி விசாரித்தார்.

"இன்னா சார், உங்களுக்குத் தெரியாதா? எல்லாம் உரத்துக்குப் போகுது. டிஏபி விக்கற வெலைக்கு இது தங்கம்னு சார் சொல்லிக்கினு கீறாரு," என்றார் பிரபு.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். புறாவுக்கு வலை போடலாமா என்பதுதான் விஷயம். கஸ்தூரிரங்கன் எழுந்து, வாயில்லா ஜீவன்களை விரட்டுவது பாவம் என்று உருக்கமாகப் பேசினார். தன் காதையே நம்ப முடியாமல் சூடாமணி அவரைப் பார்த்தாள்.

"ஓய், உமக்கு ஜீவகாருண்யம் மூட்டைக் கணக்குல வருதோ?" என்று கேட்டார் வேதாந்தம். பிரபு சொன்னதைச் சபையில் வைத்தார்.

அடுத்த நிமிஷமே வலைப் பேச்சு போய் விலைப் பேச்சு வந்துவிட்டது. பொது இடத்தில் விழுந்தது பொதுச்சொத்து என்றார் வேதாந்தம். டிஏபி விலை ஏறினால் இதன் விலையும் ஏற வேண்டும் என்றார் இன்னொருவர். காபி கொடுத்த ஸஹானா, "எங்க பால்கனிக்கு வர்ற புறாவுக்கு நான் தினம் கம்பு போடறேன் மாமா. அதனால அந்தச் சரக்குக்குத் தனி ரேட் போடணும்," என்றாள்.

"ஒரு விவசாயியை எல்லாருமா சேர்ந்து இப்படிப் பிழியலாமா?" என்று கேட்டார் கஸ்தூரிரங்கன். குரல் நிஜமாகவே தழுதழுத்தது. உரக்கடையில் செம்பியன் எப்படி நின்றிருப்பான் என்று அவருக்கு முதல் தடவையாகப் புரிந்தது.

கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. அறுவடையானதும் கஸ்தூரிரங்கன் வீட்டுக்கு ஒரு சிப்பம், இருபத்தைந்து கிலோ, அரிசி தரவேண்டும். அதற்குமேல் வீட்டுக்காரர்கள் வேறு எதுவும் கேட்கக்கூடாது. வேதாந்தம் அதைத் தீர்மானமாகவே நிறைவேற்றிவிட்டார்.

செம்பியன் எருவை மக்க வைத்து, கொஞ்சம் யூரியாவும் சேர்த்துப் போட்டான். டானிக் பாட்டிலைத் திறக்கவே இல்லை. பயிர் கரும்பச்சையாக நின்றது. மாசியில் அறுத்தார்கள். நெல் பழுதில்லாமல் வந்தது. ஆனால் நெல்லை அரைத்து, வீட்டுக்கு ஒரு சிப்பம் என்று பிரித்து வைத்தபின் தம் பங்கில் மிஞ்சியதைப் பார்த்தபோது, பேசாமல் டிஏபியே வாங்கியிருக்கலாம் என்று கஸ்தூரிரங்கனுக்குத் தோன்றியது.

சிப்பங்களைப் பிரபு வீடு வீடாக இறக்கிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே முதல் சிப்பம் திரும்பி வந்தது. கொண்டுவந்தவள் ஸஹானா.

"தப்பா நினைச்சுக்காதீங்கோ மாமா. அது எதுல விளைஞ்சதுன்னு நினைச்சா தொண்டையில இறங்க மாட்டேங்கறது."

"டிஏபி மட்டும் என்ன, பன்னீர்லயா பண்றா?"

"டிஏபியை நான் தினம் பெருக்கி அள்ளலையே மாமா," என்றாள் அவள்.

இருட்டுவதற்குள் ஒவ்வொன்றாக எல்லாம் வந்து சேர்ந்தன. வேதாந்தத்தின் சிப்பம் கடைசியாக வந்தது. அவர் வரவில்லை, லிஃப்டில் தனியாக அனுப்பியிருந்தார். வேண்டுமானால் பணமாகத் தரலாமே என்று ஒருவர் இழுத்தார். தீர்மானத்தில் அரிசி என்றுதான் இருக்கிறது, வேதாந்தம் வாசகத்தில் ஓட்டை வைக்கிறவர் இல்லை என்று கஸ்தூரிரங்கன் பணிவாகச் சொல்லிவிட்டார். சிப்பங்கள் மறுபடி பிரபுவின் வண்டியில் ஏறி, திருவல்லிக்கேணியில் இனாயத் பாயின் மெஸ்ஸுக்குப் போயின. பாயிடம் புறா விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார் கஸ்தூரிரங்கன். "எங்க மாடியிலயும் நெறைய இருக்கு சார், எடுத்துக்கறீங்களா?" என்றார் பாய், நல்ல விலையும் கொடுத்தார். நிலம் வாங்கியதிலிருந்து கண்ட முதல் லாபம் அது.

மறுநாள் மத்தியானம் சூடாமணி புது அரிசியில் தயிர்சாதம் பிசைந்தாள். கொஞ்சம் குழைந்திருந்தது. தயிர்சாதத்துக்கு அதுதான் சரி. மாவடுவை எடுத்து வைக்கும்போது வாசல்மணி அடித்தது. வேதாந்தம் நின்றுகொண்டிருந்தார்.

"எங்காத்துல அவளுக்குத்தான் அருவருப்பு, எனக்கில்லை. புது அரிசி சாப்பிட்டு எத்தனையோ வருஷமாச்சு ஓய்," என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, மாடிப்படிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

கஸ்தூரிரங்கன் சூடாமணியைப் பார்த்தார். அவள் இன்னொரு தட்டைப் போட்டாள். வேதாந்தம் உட்கார்ந்து சாப்பிட்டார், இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.