தைத்து மூடிய சட்டைக்கை

எந்தக் கை பழக்கம் என்பது மூன்று வயதில் முடிவாகாத பிள்ளைகளும் உண்டு, கண்ணுகளா. நாம்தான் பொறுத்திருக்க வேண்டும். ஒரு தையல்காரிக்கு அந்தப் பொறுமை இல்லை. எதையும் தைத்துச் சரிசெய்துவிடலாம் என்ற நினைப்பு அவளுக்கு. பள்ளியில் சேர்ப்பதற்குள் மகளுக்கு வலது கை பழகட்டும் என்று, சட்டையின் இடதுகை நுனியைத் தைத்தே மூடிவிட்டாள்.

குழந்தை வலது கையால் வரைந்தது. கொஞ்ச நேரத்தில், "அம்மா, பாப்பாவுக்கு மூச்சு முட்டுதாம்" என்றது.

"எந்தப் பாப்பாடி? கதை விடாத."

"இந்தக் கை என்னுது இல்லம்மா, பாப்பாவோடது." மூடிய சட்டைக்கையைத் தூக்கிக் காட்டியது.

மகளோடு இரட்டையாய்ப் பிறந்தவள் ஒரு மூச்சுகூட விடாமல் போய்விட்டாள். அதை இவளிடம் யாரும் சொன்னதில்லை.

தாய் பதறிப்போய்த் தையலைப் பிரித்தாள். உள்ளே கை சில்லிட்டிருந்தது. தொட்டதும், பிறந்த குழந்தையைப் போல அவள் விரலை இறுகப் பற்றிக்கொண்டது.

"விரலை விடுடி, தங்கம்."

"நான் பிடிக்கலையேம்மா" என்றது குழந்தை, வரைவதை நிறுத்தாமலே.

தாய் விரலை இழுத்துக்கொள்ளவில்லை.