வளையாத சீட்டு

சீட்டு வித்தையாளர் மன்றத்தின் தலைவருக்கு உறுப்பினர்கள் வைத்த பட்டப்பெயர் இஸ்திரி. ஒருமுறை அது அவர் காதிலேயே விழுந்துவிட்டது. தன் நேர்த்தியைப் பாராட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு அன்று முழுவதும் கொஞ்சம் கூடுதலாகவே நிமிர்ந்து நடந்தார்.

குடிநீர் வாரியத்தில் கண்காணிப்பாளர் உத்தியோகம். ஊரில் குழாய்கள் ஒழுகுவதைப் பற்றி அவர் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தகவல் இல்லை. ஆனால் வீட்டுக்குள் ஈரம் என்றால் மனிதர் புலி. சீட்டுக்கட்டுகள் இருக்கும் அறையின் ஜன்னலை மழைக்காலம் முழுவதும் திறக்க விடமாட்டார். உறவினர்கள் புதுச் செருப்பு வாங்கினால் பெட்டிக்குள் கிடக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை இவருக்கென்று எடுத்துவைக்க வேண்டும். கை கழுவி, துடைத்து, மின்விசிறியில் காட்டி, மறுபடி துடைத்த பிறகுதான் சீட்டைத் தொடுவார். தொட்டபின் பழைய பனியன் துணியால் ஒவ்வொன்றாக ஒற்றியெடுத்து, துளி பவுடர் தடவி, தச்சரிடம் சொல்லிச் செய்த திருகுப் பலகைக்குள் சீட்டுக்கட்டை வைத்து நான்கு மூலையும் முடுக்குவார். "சீட்டு வளைஞ்சா வித்தைக்காரன் வளைஞ்சான்" என்பது அவரே சொல்லி அவரே மேற்கோள் காட்டும் வாக்கியம்.

மாதக் கூட்டங்களில் அவர் பேச்சுதான் முக்கிய நிகழ்ச்சி. சீட்டும் வியர்வையும், சீட்டும் மேல்விளிம்பும், பெட்டியிலிருந்து சீட்டை எடுக்கும்போது கட்டைவிரலின் கடமை என்று தலைப்பு மாறும். மாறாத ஒன்று, பேச்சு முடிந்ததும் கட்டு திரும்பப் பெட்டிக்குள் போய்விடும். வித்தை ஒன்றும் நடக்காது. வித்தை செய்தால் சீட்டு கெட்டுப்போகுமே.

இந்த ஆண்டுப் பொதுக்குழுவுக்கு முன்னால் மன்றத்தின் செயலாளர் வாயைத் திறந்தார். மருந்துக்கடை வைத்திருப்பவர். சிரிக்காமலே விஷம் வைக்கத் தெரிந்தவர்.

"தலைவர் ஒரு வித்தை பண்ணி நம்மள்ல யாராவது பாத்திருக்கோமா? தப்பா கேக்கல. தெரிஞ்சுக்கலாம்னுதான்."

யாரும் பார்த்திருக்கவில்லை. பொதுக்குழுவில் தலைவர் ஒரு வித்தை செய்து காட்டுவது, அதன் பிறகு தேர்தல் என்று முடிவானது. வித்தை சொதப்பினால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்பது தலைவருக்குப் புரிந்தது. வாரியத்தில் அவரை யாரும் எழுந்து நின்று வணங்குவதில்லை. மன்றத்தில் மட்டும்தான் அவருக்கென்று கைப்பிடி வைத்த நாற்காலி. அது போனால் மீதி வாழ்க்கை ஸ்டூலில்.

வேறு வழியில்லாமல் மனைவியின் தம்பியைக் கூப்பிட்டனுப்பினார். கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் வேலை. சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் மாணவர்களுக்குச் சீட்டு வித்தை காட்டி, பச்சை விழுந்ததும் பின்னால் இருப்பவர்களிடம் திட்டு வாங்குபவன். அவன் கட்டு எண்ணெய் பிசுக்கேறி, வீங்கி, ரப்பர் பேண்டுக்குள் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். தலைவர் அந்தக் கட்டை வீட்டு வாசலிலேயே செருப்போடு விட்டுவிட்டு வரச் சொல்லுவார்.

"மாப்ளே, எனக்கு ஒரே ஒரு ஐட்டம் சொல்லிக்குடு. கௌரவமா இருக்கணும்."

"கௌரவமா வேணுமா, நடக்கணுமா அத்தான்?"

"ரெண்டும்."

"அப்ப உங்க கட்டையே குடுங்க" என்று வாங்கி, அடிச்சீட்டை உருவி, அவர் கண் எதிரிலேயே நடுவில் அழுத்தி வளைத்தான். தலைவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பதறாதீங்க. இதுதான் உங்க உளவாளி. கட்டுக்கு அடியில இருக்கும். அவங்க ஒரு சீட்ட எடுத்துப் பாத்துட்டு மேல வெப்பாங்க. ஒருதடவ வெட்டிப் போட்டீங்கன்னா இது போய் அந்தச் சீட்டு மேல உக்காந்துக்கும். அப்புறம் அவங்க எத்தனைவாட்டி வெட்டினாலும் பிரியாது. ஓரத்தப் பாருங்க, மெல்லிசா ஒரு இடைவெளி தெரியுதா? அங்க வெட்டினா கீழ்க்கட்டுல முதல் சீட்டு அவங்களோடது. அவ்வளவுதான்."

"இது என்ன சீட்டு?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தலைவர் சீட்டுகளின் ஓரத்தைப் பார்த்துப் பழகியவர். முகத்தைப் பார்ப்பவர் அல்ல.

வாரம் முழுக்கப் பயிற்சி செய்தார். வித்தை தவறாமல் வந்தது. ஆனால் கட்டுக்குள் ஒன்று வளைந்து கிடக்கிறது என்ற நினைப்பு, பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி அவரைச் சும்மா இருக்கவிடவில்லை. பொதுக்குழு அன்று காலை பொறுக்க முடியாமல் ஒரு யோசனை செய்தார். வளைந்ததை மட்டும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, மற்றவற்றையாவது பலகையில் போட்டு முடுக்கினால் என்ன? அப்படியே செய்தார். உளவாளியைச் சாப்பாட்டு மேசைமேல் பத்திரமாக வைத்துவிட்டு, தன் புத்தியை மெச்சியபடி குளிக்கப் போனார். அவர் குளிக்கப் போனால் வீட்டில் மற்றவர்கள் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழலாம்.

மனைவி தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவர். எந்தப் பொருளையும் சேரவேண்டிய இடத்தில் சேர்க்காமல் விடாத கை. மேசைமேல் வளைந்து கிடந்த சீட்டைப் பார்த்ததும் அவர் குளியலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். கல்யாணமான புதிதில் இப்படி ஒரு சீட்டு வளைந்து கிடந்து, அதைப் பற்றி ராத்திரிச் சாப்பாடு முடியும்வரை பிரசங்கம் கேட்டவர் அவர். இன்றைக்கு, அதுவும் முக்கியமான நாளில், அந்தக் கண்ணில் இது பட வேண்டாம். கையைக் கழுவித் துடைத்து மின்விசிறியில் காட்டினார். சீட்டை எதிர்ப்பக்கமாக மெதுவாக வளைத்தார். கரண்டியின் முதுகால் நீவினார். பலகையைத் திறந்து அடியில் செருகி நான்கு மூலையும் முடுக்கினார். எல்லாம் கணவர் சொல்லித்தந்த முறைதான். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நிற்கும்வரை விட்டு, கட்டை எடுத்துப் பெட்டியில் போட்டார்.

வாசலில் தம்பியின் கார் ஹாரன் அடித்தது. தலைவர் கழுத்துப்பட்டையோடு போராடிக்கொண்டே வந்தார்.

"மேசமேல ஒரு சீட்டு இருந்துச்சே?"

"கட்டோட சேத்துப் பெட்டியில வெச்சுட்டேங்க."

"அடியிலதானே?"

"அடியிலதான்."

"உனக்கு இப்பல்லாம் சீட்டப் பத்தி ஒரு அறிவு வந்துடுச்சு" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. மனைவி அதை நம்பலாமா என்று யோசித்துக்கொண்டே கதவைப் பூட்டினார்.

சிறப்பு விருந்தினர் ஒரு கண் டாக்டர். மேடைக்கு அழைத்து, கட்டை மயில்தோகைபோல விரித்து, தலைவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒன்று எடுங்கள். மனதில் பதித்துக்கொள்ளுங்கள். யாருக்கும் காட்டாதீர்கள். உங்கள் நிழலுக்குக்கூட."

டாக்டர் நிழலுக்கு முதுகைக் காட்டிச் சீட்டைப் பார்த்துவிட்டு, மேலே வைத்தார். தலைவர் வெட்டினார். டாக்டரும் ஆசை தீர வெட்டினார். தலைவர் கட்டைக் கண்ணுக்கு நேரே தூக்கி ஓரத்தைப் பார்த்தார்.

முதலில் அவருக்கு வந்தது சந்தோஷம். இவ்வளவு சமமான கட்டை அவரே பார்த்ததில்லை. கண்ணாடியில் வெட்டிய செங்கல் மாதிரி இருந்தது. அந்த அழகில் ஒரு கணம் மெய்மறந்த பிறகுதான், அப்படி இருக்கக்கூடாது என்பது உறைத்தது. கட்டைத் திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்தார். இடைவெளி இல்லை. முகத்தை வைத்துத் தேடலாம் என்றால் உளவாளி என்ன சீட்டு என்பதும் தெரியாது. முன்வரிசையில் மனைவி பெருமையோடு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெருமையைப் பார்த்ததும் தலைவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

செயலாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

தலைவர் இருமினார். தெரிந்த ஒரே பாதையில் கால் தானாகப் போனது.

"பாருங்கள்" என்றார். "விருந்தினரின் சீட்டு இதற்குள் எங்கே இருக்கிறது? உங்களால் சொல்ல முடியுமா? முடியாது. என்னால்? என்னாலும் முடியாது. ஏன்? ஒரு மயிரிழைகூட வளைவு இல்லை. கண்டுபிடிக்க முடியும் என்றால் அந்தக் கட்டு பழுதான கட்டு. கண்டுபிடிக்க முடியாததுதான் வித்தையின் உச்சம்."

கடைசி வரிசையில் யாரோ கைதட்டினார். அவருக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவரும் தட்டினார். தட்டாதவன் புரியாதவன் என்று ஆகிவிடும் நிலை வந்ததும் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். செயலாளர் கொஞ்சம் தாமதமாக, ஆனால் மற்றவர்களைவிடச் சத்தமாகத் தட்டினார்.

"என் சீட்டு?" என்றார் டாக்டர்.

"அது உரிய நேரத்தில் உங்களைத் தேடி வரும்" என்று சொல்லிவிட்டுத் தலைவர் கட்டைப் பெட்டியில் போட்டார். போட்டியின்றித் தேர்வானார்.

டாக்டர் நம்பிவிட்டார். அதுதான் வினை. அடுத்த வாரமே வீட்டுக்குப் போன் வந்தது.

"கோட்டுப் பை, பர்ஸ், ரெண்டு அலமாரி, எல்லாம் பாத்துட்டேன் சார். இன்னும் வரல. நோயாளி கண்ணுல டார்ச் அடிக்கும்போதுகூட அங்க இருக்குமோன்னு பாக்குறேன். அடுத்த கூட்டத்துல எல்லாரும் கேப்பாங்களே."

"பொறுமை முக்கியம்" என்று சொல்லிவிட்டுத் தலைவர் ரிசீவரை வைத்தார். உள்ளங்கை ஈரமாகியிருந்தது. அடுத்த கூட்டத்திற்குள் சீட்டு வராவிட்டால், போட்டியின்றிக் கிடைத்த நாற்காலி போட்டியின்றியே போய்விடும்.

"என்ன சீட்டுன்னு கேட்டுட்டு, அதே மாதிரி ஒண்ண அனுப்பிடுங்களேன்" என்றார் மனைவி.

"வித்தைக்காரன் கேப்பானா? எனக்குத் தெரியும்னுல்ல நெனச்சுட்டிருக்கார்."

மறுநாள் டாக்டரே மறுபடி கூப்பிட்டார். குரல் குழைந்திருந்தது. "ஒரு சின்ன தர்மசங்கடம். நான் எடுத்தது என்ன சீட்டுன்னு எனக்கே மறந்துடுச்சு சார். வெளிய சொல்லிடாதீங்க. சிவப்புன்னு மட்டும் ஒரு ஞாபகம்."

பக்கத்தில் காதை நீட்டிக்கொண்டிருந்த மச்சினன் ரிசீவரைப் பொத்தினான். "தப்பிச்சீங்க அத்தான். சிவப்புல எதுவா இருந்தாலும் சரி. ஒரு சீட்டு குடுங்க, அவர் கார்ல சொருகிட்டு வந்துடறேன். அந்த வண்டிய ஓட்டக் கத்துக்குடுத்ததே நாந்தான்."

தலைவர் அலமாரியைத் திறந்து கட்டுகளைப் பார்த்தார். ஒன்றில் ஒன்று குறைந்தால் அது கட்டா? மூடினார்.

"உன்னோடதுலேர்ந்து ஒண்ணு போட்ரு."

மாதக் கூட்டத்திற்கு டாக்டர் வெற்றி வீரர்போல வந்தார். கார் கண்ணாடிக்கு மேலே, வெயில் தடுக்கும் பலகைக்குப் பின்னாலிருந்து கிடைத்ததாம். சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் ஏழு. "சத்தியமா இதேதான். பாத்த உடனே ஞாபகம் வந்துடுச்சு" என்றார். எண்ணெய் பிசுக்கோடு, வெயிலில் வெந்து, வில் மாதிரி வளைந்திருந்தது. அதைக் கைக்குக் கை மாற்றி, கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகப் பார்த்தார்கள். சட்டம் போட்டுத் தலைவர் நாற்காலிக்கு நேர் மேலே மாட்டத் தீர்மானமானது. வளைவு அதிகம் என்பதால் ஆழமான சட்டம் தேவைப்பட்டது.

செயலாளர் சீட்டை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார்.

"தலைவரே, நல்ல சீட்டு வளையாதுன்னு நீங்கதானே சொல்வீங்க. இது?"

கூடம் அவரையே பார்த்தது. தலைவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சாதாரணமா இருக்கற சீட்டு வளையக்கூடாது" என்றார். "மந்திரத்துல போய்ட்டு வந்த சீட்டு வளையாம வந்தா, அது போகவே இல்லன்னு அர்த்தம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டு பேர் கட்டைவிரலால் தங்கள் சீட்டை அழுத்திப் பார்த்தார்கள்.

அடுத்த மாதம் தலைவர் உள்ளே நுழைந்தபோது எல்லோர் கையிலும் கட்டுகள் படகு மாதிரி வளைந்திருந்தன. எந்த அளவு வளைந்தால் சரி, மேல்நோக்கியா கீழ்நோக்கியா, வெயிலில் வைப்பதா சட்டைப் பையில் வைத்து உட்காருவதா என்று ஒரே விவாதம். தலைவர் விளக்கினால் நன்றாக இருக்கும் என்று செயலாளர் பணிவோடு கேட்டுக்கொண்டார்.

தலைவர் கைப்பிடி நாற்காலியில் உட்கார்ந்தார். நீட்டிய முதல் கட்டை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் வளைத்துக் கொடுத்தார்.